பிசிக்ஸ் வாத்தியார் வீட்டுக் கிரகணம்

எங்கள் ஜாதகங்களைப் பார்த்த ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் என்றார். "பதினோராவதா ஒண்ண விட்டுட்டீங்களே, மாப்பிள்ளையும் பிசிக்ஸ், பொண்ணும் பிசிக்ஸ்" என்றார் என் அப்பா. 2009 தொடக்கம் அது. நான் சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தில், ஐந்து வருஷ எம்.எஸ்ஸி.யை முடிக்கப் போகிற நேரம். அவர் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிசிக்ஸ் வாத்தியார். பெண் பார்க்க வந்த அன்று எங்களை மொட்டைமாடிக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்றோம்.

"ஸ்பெஷல் பேப்பர் என்ன எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஆப்டிக்ஸ்."

"நல்லவேளை. நியூக்ளியர்னு சொல்லியிருந்தா எங்கம்மா பயந்துருப்பாங்க."

நான் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. கோபக்காரரா, வீட்டில் யார் பேச்சு எடுபடும், நான் மேலே படிக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கலாம். ஒரே பாடத்தைப் படித்தவர்கள் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. கல்லூரியில் பிடித்த நம்பிக்கை அது.

2004-இல் நான் சேரும்போது பிசிக்ஸ் எனக்கு மார்க் வரும் ஒரு பாடம், அவ்வளவுதான். இரண்டாம் வருஷத்துக்குள் அது கர்வமாக மாறிவிட்டது. எங்கள் துறைப் பிள்ளைகள் எல்லோருக்குமே அது உண்டு. கெமிஸ்ட்ரிக்காரர்களைச் சமையற்காரர்கள் என்போம். பாட்டனியும் ஜுவாலஜியும் பெயர் மனப்பாடம் செய்கிறவர்களுக்கு. வரலாறும் தத்துவமும் படிப்பவர்களைப் பற்றிப் பேசவே மாட்டோம். உலகத்தில் எதை எடுத்துத் தோண்டினாலும் கடைசி அடியில் நாங்கள்தான் உட்கார்ந்திருப்போம் என்பது எங்கள் எண்ணம்.

இதையெல்லாம் நான் பேசிக்காட்டியது என் ஜுவாலஜித் தோழியிடம். பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மதியம் தூங்குமூஞ்சி மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் சண்டை ஆரம்பித்துவிடும்.

"உங்க உயிருக்கு அடியில கெமிஸ்ட்ரி. கெமிஸ்ட்ரிக்கு அடியில பிசிக்ஸ். அதுக்கு அடியில ஒண்ணுமில்ல" என்பேன்.

"அடியில இருக்கறதுதான் பெருசுன்னா பஸ்ஸுல டயர்தான்டி பெருசு. நீ டயர்லயே உக்காந்து வா. நான் சீட்ல வரேன்."

"டயர் இல்லாம உன் சீட்டு எங்க போவும்?"

"டயர மட்டும் பாத்துட்டு பஸ் எந்த ஊருக்குப் போவுதுன்னு சொல்லிடுவியா? உன் எலக்ட்ரானுக்குப் பசிக்குமா? எனக்குப் பசிக்குது. அந்த உருளைக்கெழங்க இப்புடித் தள்ளு."

அவள் சொன்னது நகைச்சுவை என்றுதான் அப்போது நினைத்தேன்.

சிதம்பரத்தில் பிறந்து பிசிக்ஸ் படித்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. கல்யாண வீட்டிலோ ரயிலிலோ யாராவது ஒருவர், நடராஜர் ஆடுவதும் அணு ஆடுவதும் ஒன்றுதான் என்று ஆரம்பித்துவிடுவார். எரிச்சலை அடக்கிக்கொண்டு "அப்படிங்களா" என்பேன். எனக்குக் கோயிலும் பிடிக்கும். போவேன், கும்பிடுவேன், விபூதி வாங்கிப் பூசிக்கொள்வேன். அது ஒரு அறை, படிப்பு ஒரு அறை. நடுவில் கதவு இருக்கிறது, அது சாத்தியிருக்கிறது என்று நம்பினேன். எந்தப் பக்கத்திலிருந்தும் யாரும் அதைத் தட்டியதில்லை.

வைகாசியில் கல்யாணம். கடலூர் செம்மண்டலத்தில் அவர்கள் வீடு. மாமனார் காலமாகிவிட்டார். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். நாத்தனாரைத் திட்டக்குடியில் கொடுத்திருந்தார்கள். அத்தை கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவதைப் படிப்பவர்கள் அவரைத் தப்பாக எடுத்துக்கொண்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் உண்டாகியிருப்பது தெரிந்ததும் எனக்காகவே புளி கூட்டி, மிளகாய் குறைத்துச் சமைத்தவர் அவர்.

2010 பொங்கலுக்கு எனக்கு ஏழாம் மாசம். அந்த வருஷம் மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சூரிய கிரகணமும் ஒரே நாளில் வந்தன. கன்னியாகுமரிப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரியும், நமக்குப் பிறை மாதிரி தெரியும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவர் தன் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஊசித்துளை போட்ட அட்டை, கீழே வெள்ளைத்தாள், சூரியனை நேராகப் பார்க்காமல் அதன் பிம்பத்தைப் பார்ப்பது என்று ஏற்பாடெல்லாம் மும்முரமாக நடந்தது. நானும் போவேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளியியல் படித்தவளுக்கு அது ஒரு திருவிழா.

அத்தை விடவில்லை. "நீ வாத்தியாரு, நீ போ. புள்ளத்தாச்சி எங்க போவறது? மூளியா பொறக்கும்டா."

உதடு பிளந்து பிறக்கும் குழந்தையை எங்கள் பக்கம் மூளி என்பார்கள். கிரகண நேரத்தில் கர்ப்பிணி மேல் அதன் ஒளி பட்டால் அப்படி ஆகும் என்பது சொல்வழக்கு. இவர் என்னைப் பார்த்தார். நான், "பரவால்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். நான் எப்போதும் அப்படித்தான். எதிர்த்துப் பேசுவதா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் என் வாய் சரி என்று சொல்லிவிடும்.

அறையின் ஜன்னல்களைச் சாத்தினார்கள். வென்டிலேட்டருக்குக் கதவில்லை. அதை இவரே ஸ்டூல் போட்டு ஏறி, டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அடைத்தார். ஆணியை ஒரு இடத்தில் அடித்துவிட்டு, அட்டை கோணலாக நிற்கிறது என்று அதைப் பிடுங்கி இன்னொரு இடத்தில் அடித்தார். அப்புறம் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார். நாத்தனார் பண்டிகைக்கு வந்திருந்தாள். எனக்குக் காவல் அவள்தான்.

"அண்ணி, நேரா படுங்க. கால மடக்காதீங்க. சொறிஞ்சுக்கக் கூடாது."

"கொசு கடிச்சா?"

"கொசுவும் கிரகணத்துல வெளிய வராது. பயப்படாதீங்க."

விளக்கை அணைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண் இருட்டுக்குப் பழகியதும், தரையில் ஒரு வெளிச்ச வட்டத்தைப் பார்த்தேன். இவர் பிடுங்கிய ஆணியின் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு ரூபாய்க் காசு அளவு. அதன் ஓரத்தில் ஒரு கடி விழுந்திருந்தது.

இருட்டறை, ஒரு சின்ன ஓட்டை, எதிரே ஒரு பரப்பு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் வரும் படம் அது. சூரியனைப் பார்க்கக் கூடாது என்று என்னை அடைத்த அறைக்குள் சூரியன் தானாகவே இறங்கி வந்து படம் காட்டியது. நான் படுத்தபடியே சிரித்தேன். வெயில் சாயச் சாய வட்டம் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏறியது. அதற்குள் அது மெலிந்து பிறையாகியிருந்தது. துளை வழியாக வருவது தலைகீழாக விழும், அதனால் அந்தப் பிறையின் முனைகள் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கும் என்று மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். பிறகு அது என் புடவை மேல், வயிற்றின் மேல் வந்து நின்றது. உள்ளே குழந்தை அசைந்தது. நான் நகரவில்லை. நேராகப் படுக்கச் சொல்லியிருந்தார்கள், படுத்திருந்தேன்.

கிரகணம் விட்டு, வீடு கழுவி, எல்லோரும் தலைக்குக் குளித்த பிறகு இவர் வந்தார். முகம் கறுத்து, தொண்டை கட்டி, பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். நான் மெல்ல என் கதையைச் சொன்னேன்.

"ஏய், நெசமாவா?" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். "நான் கிரவுண்டுல அட்டையத் தூக்கிக்கிட்டு கை வலிக்க நிக்கிறன். நீ படுத்துக்கிட்டே பாத்திருக்க! பிம்பம் எவ்ளோ பெருசு இருந்துச்சு?" டேப் எடுத்து வென்டிலேட்டரிலிருந்து கட்டில் வரை அளந்தார். கணக்குப் போட்டு, "கரெக்டா ஒரு ரூபா சைஸ்தான் வருது" என்று கத்தினார். வயிற்றில் விழுந்தது என்றேன். அந்த இடத்தில் கையை வைத்து, "அப்ப இதுதான் கடலூர்லயே சின்ன வயசு அப்சர்வர்" என்றார். அன்றைக்கு நான் இருந்த சந்தோஷத்தைப் போல் அதற்கு முன்பும் இல்லை, அதற்குப் பின்பும் இல்லை.

பங்குனியில் சிதம்பரத்தில், அம்மா வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பிரசவம். பெண் குழந்தை. நர்ஸ் குழந்தையை என்னிடம் கொடுக்கத் தாமதித்தார். "ஹார்ட், வெயிட்டு எல்லாம் நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, துணியை முகத்திலிருந்து விலக்காமல் நின்றார். நானே விலக்கினேன். மேலுதடு மூக்குவரை இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே மேல்வாய் அண்ணமும் சேரவில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

அத்தை மறுநாள் காலை கடலூரிலிருந்து வந்தார். குனிந்து பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. "மூளி" என்று மட்டும், ஒரு பெயரைப் படிப்பது போலச் சொன்னார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பாலாடையில் பால் ஊட்டினார். அண்ணம் சேராத குழந்தையால் சப்பிக் குடிக்க முடியாது. வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகாது, பால் மூக்கு வழியாக வந்துவிடும். அந்த அழுத்தத்தைப் பற்றி நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் நான் ஊட்டினால் பாதி வெளியே வழிந்துவிடும். அத்தை ஊட்டினால் வழியாது. தலையை உயர்த்திப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டுவார். என் குழந்தை பிழைத்ததில் பாதி அவர் செய்தது. அதே வாய் வருகிறவர்களிடமெல்லாம், "கிரகணத்து அன்னிக்கே சொன்னன்" என்றும் சொல்லும். இரண்டும் ஒரே ஆள்தான்.

உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஐந்து வருஷம் பிசிக்ஸ் படித்த நான் நிழல் என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். நிலா குறுக்கே வந்தால் வெளிச்சம் குறையும், விஷமாக மாறாது என்று சொல்லியிருக்கலாம். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்வேன். சூரியனைப் பற்றி எனக்குத் தெரியும். உதட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிப் பேசக் கூடாது என்றுதானே படித்தோம்.

அப்போதுதான் ஜுவாலஜித் தோழி பரங்கிப்பேட்டையிலிருந்து பார்க்க வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, துணியை விலக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பரிதாபப்படாமல் அந்த முகத்தைப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

"உன் உதட்டுக்கு மேல தொட்டுப் பாருடி. மூக்குக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்குல்ல?"

தொட்டுப் பார்த்தேன்.

"முகம் ஒரே துண்டா வர்றதில்ல. ரெண்டு பக்கத்துலேருந்தும் நடுவுலேருந்தும் துண்டுதுண்டா வளந்து வந்து ஒட்டும். அந்தப் பள்ளத்தோட ரெண்டு கரையும் ஒட்டுன எடம். எல்லாருமே ஒட்டுப்போட்டவங்கதான். இவளுக்கு ஒட்டல, டாக்டர் ஒட்டிடுவார்."

"எப்ப ஒட்டும்?"

"உதடு ரெண்டாம் மாசத்துலயே முடிஞ்சிடும். அண்ணம் மூணாம் மாசத்துக்குள்ள. நீ வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தப்பவே இவ இப்படித்தான் இருந்தா. தை மாசத்துல சூரியன் உன் மடியிலயே வந்து உக்காந்திருந்தாக்கூட ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

நான் அழுதேன். ஐந்து வருஷமாக நான் கேலி செய்த பாடம் எனக்கு விடுதலை கொடுத்தது. என் பாடம் கிரகணத்துக்கு மட்டும்தான் பதில் வைத்திருந்தது, குழந்தைக்கு வைத்திருக்கவில்லை. அடியில் இருப்பது எல்லாவற்றையும் தாங்கலாம். அதற்காக மேலே இருப்பதையெல்லாம் அது சொல்லிவிடாது.

"அப்ப ஏன் ஒட்டல? காரணம் என்ன?"

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். "சில பேருக்கு வம்சத்துல இருக்கும். சில பேருக்கு வேற ஏதாச்சும். நெறைய பேருக்கு ஏன்னே தெரியாது, புள்ள. ஒட்டாம போயிடுது, அவ்ளோதான்."

காரணம் தெரியாமலேயே அவளால் இருக்க முடிந்தது. என்னால் முடியவில்லை. காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பித்தானே நான் பிசிக்ஸுக்கு வந்தேன். அங்கேயே பின்னால் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு அணுக்கரு ஏன் இந்த நொடியில் உடைந்தது என்று கேட்கக் கூடாது, விதி கூட்டத்துக்குத்தான், தனி ஒன்றுக்கு இல்லை என்று. அதை எழுதி மார்க் வாங்கினேன். நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் காரணம் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் நானும் அத்தையும்தான். அவரிடம் ஒரு காரணம் இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

தோழி சொன்னதை அன்றே போனில் இவரிடம் சொன்னேன். "பாத்தியா, நான்தான் சொன்னன்ல" என்றார். அவர் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது.

உதட்டுக்கு முதல் ஆபரேஷன் முடிந்து செம்மண்டலம் திரும்பினோம். தையல் பிரித்த இடம் சிவப்பாக இருந்தாலும் உதடு உதடாக இருந்தது. நாத்தனார் பார்க்க வந்திருந்தாள். நான் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் பேசுவது கேட்டது.

"அண்ணிதான் ரூம விட்டு வரவே இல்லியேண்ணா. நான்தானே வாசல்ல உக்காந்திருந்தன். அப்பறம் எப்புடி?"

"வென்டிலேட்டர் அட்டையில ஓட்டை இருந்துச்சு. அது வழியா வெளிச்சம் வந்து வயித்து மேலயே விழுந்துச்சாம். அவதான் சொன்னா."

பிறகு அத்தையின் குரல்: "பாத்துக்கிட்டேவா படுத்திருந்தா?"

அந்த இடத்தில் இவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வரும் என்று டபராவைப் பிடித்தபடி காத்திருந்தேன். ரெண்டாம் மாசமே உதடு முடிஞ்சிடும்மா, வெளிச்சத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரே ஒரு வாக்கியம். வகுப்பில் இதை விடப் பெரிய வாக்கியங்களை மூச்சுவிடாமல் சொல்கிறவர். கூடத்தில் டிவி சத்தம் மட்டும் வந்தது.

அத்தையும் நாத்தனாரும் கடைத்தெருவுக்குப் போனதும் இவரிடம் கேட்டேன்.

"நீங்க நம்புறீங்களா?"

"எத?"

"அந்த வெளிச்சத்த."

"பைத்தியமா ஒனக்கு? நான் பிசிக்ஸ் வாத்தியார்."

"அப்ப ஏன் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னன். நடந்ததுதானே?"

"ரெண்டாம் மாசத்துக் கதைய ஏன் சொல்லல?"

"அது அவுங்களுக்குப் புரியாது. எனக்குத் தெரியும்ல, போதாதா?" என்றார். பிறகு சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "ஆனா நீ கொஞ்சம் நகந்து படுத்திருக்கலாம்" என்றார்.

அந்த 'ஆனா'வை நான் வருஷக்கணக்காகப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஊர் வாய்க்குப் பயந்து சொன்னதா? சும்மா வந்துவிட்டதா? நான்தான் அதிகமாக எடுத்துக்கொள்கிறேனா? அத்தை நம்புவது எனக்கு வலிக்கவில்லை. ஊர் சொல்வதும் பழகிவிட்டது. குழந்தையின் முகத்தை நான் கெடுத்தேன் என்று இவர் நினைக்கிறாரா, இல்லையா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். நேராகக் கேட்டால் பிசிக்ஸ் வாத்தியார் என்கிறார். பிசிக்ஸ் வாத்தியார் என்பது பதில் இல்லை, வேலை என்று எனக்கு மெல்லத்தான் புரிந்தது. எனக்குள் சாத்தியிருப்பதாக நான் நினைத்த அதே கதவு அவருக்குள்ளும் இருந்தது. அவர் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

அடுத்த வருஷம் அண்ணத்துக்கு ஆபரேஷன் நடந்தது. அது முடிந்ததும் அத்தை பரிகாரப் பேச்சை எடுத்தார். சிதம்பரத்தில் ஒரு சின்னச் சிவன் கோயிலில், தாயும் பிள்ளையுமாக உட்கார்ந்து கிரகண தோஷ நிவர்த்தி செய்ய வேண்டும். இவர் என்னிடம் வந்து, "அரை மணி நேர வேலை. அவுங்களுக்கு நிம்மதியா இருக்கும். உங்க அம்மா வீட்டுக்கும் போனாப்புல இருக்கும்" என்றார்.

"அங்க போய் உக்காந்தா, நான்தான் செஞ்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"யாரு அப்புடிப் பாக்கறா? ரொம்ப யோசிக்காத."

நான் உட்கார்ந்தேன். குருக்கள் என் நட்சத்திரத்தைக் கேட்டு, தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த தோஷம் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். குழந்தைக்காக எதைத்தான் சொல்ல மாட்டேன்? ஒருவேளை, ஒரே ஒருவேளை, நான் படித்ததெல்லாம் தப்பாக இருந்தால் என்று ஒரு பயம் அந்த நேரத்தில் வந்தது. அதை எந்தச் சமன்பாட்டாலும் அடக்க முடியவில்லை. இவர் எனக்குப் பின்னால் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்க முடியவில்லை. திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் பேச்சு. குழந்தை பேச ஆரம்பித்தாள், ஆனால் எல்லாச் சொல்லும் மூக்கு வழியாக வந்தது. ப, ட, க எதுவும் வராது. ஆஸ்பத்திரியில், ஊதப் பழக்குங்கள், காற்று வாய் வழியாக வர வேண்டும் என்றார்கள். இங்கேதான் என் படிப்புக்கு ஒரு வேலை கிடைத்தது. உதட்டை மூடி, உள்ளே காற்றை அழுத்தி, சட்டென்று திறந்தால்தான் 'ப'. தட்டில் தண்ணீர் ஊற்றிக் காகிதத் துண்டை மிதக்கவிட்டு ஊதச் சொன்னேன். உள்ளங்கையில் பஞ்சை வைத்து ஊதச் சொன்னேன். மூக்கைத் தடவி, "இங்க இல்லடா கண்ணு, இங்க" என்று உதட்டைத் தொடுவேன். பஞ்சு அசையாது. அவள் மூக்கிலிருந்து மட்டும் காற்று என் விரலில் படும்.

2011 கடைசியில் 'தானே' புயல் வந்தது. செம்மண்டலத்தில் மரங்களெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாயங்காலமானால் மெழுகுவத்தி. அது எனக்கு வசதியாகப் போயிற்று. பஞ்சைவிடச் சுடர் நுணுக்கமானது. இம்மி காற்று வந்தாலும் காட்டிக்கொடுக்கும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊதச் சொன்னேன்.

"வெளக்க வாயால ஊதக் கூடாது. குடும்பத்துக்கு ஆவாது" என்றார் அத்தை.

"இது மெழுகுவத்திதானே அத்தை."

"நெருப்புதானே."

"டாக்டர் ஊதச் சொன்னாருங்க அத்தை."

"டாக்டருக்கு என்ன, அவரு வீட்லயா ஊதறாரு?" என்றவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாமி விளக்கைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். "இப்ப ஊது" என்றார். அவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அதுதான். இடம் ஒதுக்கித் தருவார்.

தினமும் ஊதினாள். முதலில் சுடர் நிமிர்ந்தே நின்றது. பிறகு ஒருநாள் லேசாகத் தலையசைத்தது. பிறகு சாய்ந்தது. இவர் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் அணைந்தால், "என் மார்க்கெல்லாம் போச்சு" என்று குழந்தையை மிரட்டுவார். அவள் சிரிப்பாள்.

கரண்ட் வந்த பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. தை கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் மெழுகுவத்தியை ஒரே ஊதலில் அணைத்தாள். அவளுக்கே ஆச்சரியம். நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "அப்பா!" என்றாள்.

மூக்கில் வராமல், கெட்டியாக, நடுவில் உதடு ஒட்டிப் பிரிந்த சத்தத்தோடு. அதுவரை அந்த வார்த்தை அவளுக்கு வந்ததில்லை. அவர் பேனாவைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைத் தூக்கினார். "இன்னொருவாட்டி சொல்லு, இன்னொருவாட்டி." சொன்னாள். அவர் அழுதார். நானும் அழுதேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக எங்கள் இருவருக்கும் ஒரே காரணத்துக்கு அழுகை வருகிறது என்று நினைத்தேன்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். "அம்மா! கேட்டியா? அப்பான்னுட்டா. பலிச்சிடுச்சும்மா. அன்னிக்கு பரிகாரம் பண்ணிட்டு வந்தது பலிச்சிடுச்சு."

நான் அணைந்த மெழுகுவத்தியோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்த் தட்டும் காகிதத் துண்டும் சுவரோரம் இருந்தன. அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, எல்லாம் அவர் கண் எதிரில் நடந்தது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். எதை வைத்துச் சொல்வது? பரிகாரமும் செய்தோம், ஊதவும் ஊதினோம். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்து பார்த்திருந்தால்தான் எது என்று சொல்ல முடியும். பிசிக்ஸில் அப்படித்தான், திரும்பத் திரும்பச் செய்து பார்ப்போம். இங்கே இருப்பது ஒரே குழந்தை. அவளை வைத்து இரண்டாம் தடவை எதைச் செய்து பார்ப்பது?

"ஏய், இங்க வா. நீயும் வந்து கும்பிட்டுக்க" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

போனேன். அத்தை கற்பூரம் ஏற்றியிருந்தார். இவர் ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடியிருந்தார். உதடுகள் அசைந்தன. என்னை மன்னித்ததற்காகச் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றதால் கேட்டது.